டிரங்குப் பெட்டியில் 300 பழைய போட்டோ: ஸ்கேன் பண்றதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?

#1 மஞ்சக்குப்பம்_வாசி

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் வீட்டு டிரங்குப் பெட்டியில ஏறக்குறைய 300 போட்டோ. பாதி கறுப்பு வெள்ளை, பெரும்பாலும் உள்ளங்கை அளவு. மவுண்ட் அட்டையில ஒட்டின கல்யாண குரூப் போட்டோ ஒரு பத்து. 1980கள்ல எடுத்த கலர் பிரிண்டெல்லாம் பிளாஸ்டிக் தாளைத் தூக்கி ஒட்டுற ஆல்பத்துல இருக்கு. சுவர்ல மாட்டியிருந்த பிரேம் நாலு, அதுல ரெண்டுல படம் கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு. ஸ்கேன் பண்ணி சொந்தக்காரங்க குரூப்ல போட்டு, யார் யாருன்னு பெரியவங்ககிட்ட கேட்டு எழுதி வைக்கணும். மூணு சந்தேகம்: எதுல ஆரம்பிக்கிறது? பூஞ்சையைத் துடைக்கலாமா? லேமினேஷன் போட்டா நிக்குமா?

#2 இருட்டறை

கடைசிக் கேள்வியை முதல்ல முடிச்சிடுவோம். லேமினேஷன் போடவே போடாதீங்க. அந்த உருளை 100 டிகிரிக்கு மேல சூடாகும். பிளாஸ்டிக்ல இருக்கிற பசை உருகி, படம் இருக்கிற ஜெலட்டின் படலத்தோட ஒண்ணாயிடும். அப்புறம் யாராலயும் பிரிக்க முடியாது. உள்ள இருந்த ஈரம் உள்ளயே நிக்கும், ரெண்டு மழைக்காலத்துல பழுப்புத் திட்டு கிளம்பும். பின்பக்க எழுத்து மங்கும், ஸ்கேன் பண்ணா பளபளப்பு அடிக்கும். ரேஷன் கார்டுக்கு அது சரி, போட்டோவுக்கு இல்ல.

பெட்டியைத் திறந்ததும் பிரிச்சு அடுக்கிடாதீங்க. இருக்கிற வரிசையே ஒரு தகவல். ஒரே கவர்ல இருக்கிற ஏழு படம் ஒரே ரோல்ல எடுத்ததா இருக்கும். ஒண்ணுல தேதி கிடைச்சா மீதி ஆறுக்கும் கிடைச்ச மாதிரி. அதனால மேலடுக்கை எடுக்கறதுக்கு முன்னாடி போன்ல ஒரு படம், அடுத்த அடுக்குக்கு ஒரு படம். ஒவ்வொரு கட்டுக்கும் துண்டுச் சீட்டுல நம்பர். ரப்பர் பேண்டு போட்டிருந்தா இழுக்காம கத்தரியால வெட்டி எடுங்க. அதுல இருக்கிற கந்தகம் வெள்ளிப் படத்தைக் கறுக்க வைக்கும்.

அப்புறம் எது சீக்கிரம் கெடுதோ அது முதல்ல. நெகட்டிவ் இருந்து வினிகர் வாடை வந்தா அதுதான் நம்பர் ஒண்ணு. அசிடேட் பிலிம் சிதைய ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம், பக்கத்துல இருக்கிறதையும் கெடுக்கும். அடுத்து பூஞ்சை, அடுத்து ஒட்டுற ஆல்பம். பிரிண்ட் போடும்போதே ரசாயனம் போக நல்லா கழுவி மவுண்ட் அட்டையில ஒட்டின கறுப்பு வெள்ளைப் படம் கடைசியா வரலாம், அது நம்மளை விட கெட்டி.

#3 தாள்_காப்பாளர்

பூஞ்சை பற்றி. துடைக்கக் கூடாது, குறிப்பாக ஈரத்துணியால். பூஞ்சை தின்பது ஜெலட்டினைத்தான். அது தின்ற இடத்தில் ஜெலட்டின் தண்ணீரில் கரையும் நிலைக்கு வந்திருக்கும். ஈரப்பஞ்சு பட்டால் பூஞ்சையோடு முகமும் வந்துவிடும்.

செய்ய வேண்டியது இது. பூஞ்சை பிடித்த படங்களை மட்டும் தனியே எடுத்துத் தாள் உறையில் போடவும், பிளாஸ்டிக் கூடாது. மூடி இறுக்கமாக உள்ள 20 லிட்டர் டப்பாவில் கொஞ்சம் சிலிக்கா ஜெல்லை மெல்லிய துணியில் கட்டி வைத்து, உறைகளை உள்ளே வைத்து ஒரு வாரம் மூடி விடவும். ஈரம் போனதும் பூஞ்சை பொடியாகும். பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, மிக மென்மையான தூரிகையால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஒரே பக்கமாகத் தட்டிவிடவும். வெயிலில் காய வைப்பது வேண்டாம். படம் சுருளும், கலர் வெளுக்கும்.

நம் கரையோரத்துக்கு நேரமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை மறுபடி முளைக்கும். ஆனி மாதத்தில் மேல்காற்று அடிக்கும் காலை வேளை நல்லது. மதியம் கடல்காற்று திரும்பியதும் பெட்டியை மூடிவிடவும். ஈரமானி ஒன்று வாங்கி அறையில் வைத்தால் ஊகமே தேவையில்லை. 30க்கும் 50க்கும் இடையில் இருந்தால் திருப்தி. 30க்குக் கீழே போனால் ஜெலட்டின் வெடிக்கும், ஆகவே சிலிக்காவை மலைபோல் கொட்டுவதும் தவறு.

#4 சவுக்குத்தோப்பு

இவ்ளோ எதுக்குங்க? போன்ல எடுத்து குரூப்ல தட்டி விட்டா வேலை முடிஞ்சுது. இப்ப இருக்கிற போன்ல 50 மெகாபிக்சல் வருது.

#5 இருட்டறை

கோவிச்சுக்காதீங்க, இதுல பாதி நீங்க சொல்றதுதான் சரி. வேலையை ரெண்டு சுத்தாப் பிரிக்கணும். முதல் சுத்து போன், யார் யாருன்னு கேட்கிறதுக்கு. ரெண்டாவது சுத்து ஸ்கேனர், வச்சுக்கிறதுக்கு. நிறைய பேர் ஒழுங்கா ஸ்கேன் பண்ணி முடிச்சிட்டு அப்புறமா கேட்கலாம்னு ஆறு மாசம் தள்ளிப் போடறாங்க. 85 வயசு அத்தைக்கு 1200 டிபிஐ (ஒரு இஞ்ச்சுக்கு எத்தனை புள்ளிங்கிற ஸ்கேன் அளவு) தேவையே இல்ல, மூக்கு முழி தெரிஞ்சா போதும். படம் பெட்டியில இன்னும் இருபது வருஷம் தாங்கும்.

போன்ல எடுக்கிற முறை: திண்ணையிலயோ ஜன்னலோரத்திலயோ, நேர் வெயில் படாத இடம். தரையில கறுப்புத் துணி, அதுமேல படம். பிளாஷ் கூடாது. போனைக் கிட்ட கொண்டு போகாம அரை மீட்டர் மேல வச்சு 2எக்ஸ் லென்ஸ்ல எடுங்க. கிட்டப் போனா ஓரம் வளையும், நடுவுல இருக்கிறவங்க முகம் உப்பும். சில போன்ல கேமரா செட்டிங்ஸ்ல கட்டக்கோடோ லெவலோ ஆன் பண்ணா நடுவுல ரெண்டு பிளஸ் குறி வரும், ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு உட்கார்ந்தா போன் மட்டமா இருக்குன்னு அர்த்தம். வெள்ளை வேட்டி சட்டையோட குனிஞ்சீங்கன்னா பளபள படத்துல நீங்களே தெரிவீங்க. கறுப்புக் குடையை விரிச்சு தலைக்கு மேல பிடிச்சா அந்தப் பிரச்சினை இல்ல.

#6 முத்தியால்பேட்டை_ஸ்கேன்

ரெண்டாவது சுத்துக்கு நான்.

4க்கு 6 இஞ்ச் படம் 600 டிபிஐ. அதாவது 2400க்கு 3600 புள்ளி, டிஃப் கோப்பா (தரம் குறையாத பட வடிவம்) சேமிச்சா சுமார் 26 எம்பி. 300 படத்துக்கு 8 ஜிபிக்குள்ள. பின்பக்கமும் சேர்த்தா 16. இன்னைக்கு அது ஒரு அளவே இல்ல. 2.25 இஞ்ச் சதுர படம் இருக்கும் பாருங்க, 120 ரோல்ல 12 படம் எடுக்கிற பாக்ஸ் கேமராவுல எடுத்து நெகட்டிவ் அளவுக்கே பிரிண்ட் போட்டது. அதுக்கு 1200. பெரிசாக்காம நேரடியா போட்ட பிரிண்டுங்கிறதால அதுல விவரம் கொட்டிக் கிடக்கும். அதே சமயம் சாதா லேப் கலர் பிரிண்டை 2400ல ஸ்கேன் பண்றது வீண், தாள்ல அவ்வளவு விவரமே கிடையாது.

கறுப்பு வெள்ளையா இருந்தாலும் கலர் 24 பிட்லயே எடுங்க. பழுப்புக் கறை, மை எழுத்து, கையால பூசின கன்னச் சிவப்பு எல்லாம் அதுலதான் தனியா தெரியும். வெளிறின கலர் பிரிண்டுக்கு 48 பிட். ஸ்கேனர் மென்பொருள்ல தூசி நீக்கு, கூர்மையாக்கு, நிறம் மீட்குன்னு மூணு டிக் இருக்கும், மூணையும் எடுத்து விடுங்க. தூசி நீக்குறது மூக்குத்தியையும் தூசின்னு நினைச்சு எடுக்கும்.

கண்ணாடியில நேரா திரவம் தெளிக்காதீங்க, துணியில தெளிச்சுத் துடைங்க. வெள்ளை ஓரத்தை வெட்டாம, ஓரத்துக்கு வெளியிலயும் கொஞ்சம் விட்டு எடுங்க.

எந்த ஸ்கேனர்னு அடுத்து கேட்பீங்க. கேனான் லைடு, எப்சன் வி39 மாதிரி மெல்லிசா இருக்கிறதுல சிஐஎஸ் சென்சார். கண்ணாடியில ஒட்டி உட்கார்ற படம்தான் தெளிவா வரும். வளைஞ்ச மவுண்ட் அட்டை, பிரேம் கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கிற படம் எல்லாம் மங்கிடும். வி600 மாதிரி சிசிடி வகைன்னா சில மில்லிமீட்டர் உயரம் இருந்தாலும் தாங்கும். வளைஞ்ச அட்டையை மூடியால அழுத்திடாதீங்க, பழைய மவுண்ட் மொறுமொறுன்னு இருக்கும், படத்தோட சேர்ந்து உடையும்.

#7 மஞ்சக்குப்பம்_வாசி

நன்றி அண்ணே. கண்ணாடியோட ஒட்டின பிரேமுக்கு என்ன செய்யறது? ரெண்டுமே காலமானவங்க படம், சந்தனம் குங்குமம் வச்சது. இன்னொண்ணுல கண்ணாடியே இல்ல, படத்து மேலயே குங்குமம் இருக்கு.

#8 தாள்_காப்பாளர்

ஒட்டியதைப் பிரிக்க வேண்டாம். ஈரத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டது. இழுத்தால் முகம் கண்ணாடியில் நிற்கும், தாள் கையில் வரும். ஊற வைத்துப் பிரிக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. கையால் வண்ணம் பூசிய பழைய ஸ்டூடியோ படங்களில் அந்த வண்ணமே தண்ணீரில் போய்விடும்.

பின்பக்க ஆணிகளைக் கழற்றி, பிளைவுட்டையும் அதற்குள் வைத்த செய்தித்தாளையும் மட்டும் எடுக்கவும். செய்தித்தாளைத் தூக்கி எறியாதீர்கள். அதில் தேதி இருக்கும், பிரேம் போட்ட காலம் தெரிந்துவிடும். படமும் கண்ணாடியும் ஒன்றாகவே இருக்கட்டும். கண்ணாடியின் வெளிப்பக்கத்துச் சந்தனத்தை மட்டும் ஈரப்பஞ்சால் எடுக்கலாம், ஓரத்து இடுக்கில் தண்ணீர் இறங்காமல். பிறகு கண்ணாடி வழியாகவே சிசிடி ஸ்கேனரிலோ கேமராவிலோ எடுத்துக்கொள்ளவும். கேமரா என்றால் இரு பக்கமும் 45 டிகிரியில் இரண்டு விளக்கு, அறையில் வேறு வெளிச்சம் இருக்கக் கூடாது.

படத்தின் மேலேயே உள்ள குங்குமத்தில் தண்ணீர் பட்டால் சாயம் ஜெலட்டினுக்குள் இறங்கிவிடும். ரப்பர் ஊதியால் ஊதி உதிர்வதை மட்டும் உதிர்க்கவும். மீதி இருந்துவிட்டுப் போகட்டும், அதுவும் அந்தப் படத்தின் வரலாறுதானே.

திரும்ப மாட்டும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் ஒரு அட்டைச் சட்டம், 2 மில்லிமீட்டர் இருந்தால் போதும். அசலை மாட்டாமல் நகலை மாட்டுவது இன்னும் நல்லது. ஊதுபத்திப் புகையும் விளக்குப் புகையும் நகல் மேல் படட்டும்.

#9 திருப்பாப்புலியூர்_அக்கா

ஒட்டுற ஆல்பத்தைப் பத்தி யாரும் சொல்லலியே. அந்த அட்டையில கோடு கோடா இருக்கிற பசை வருஷம் போகப் போகப் பாறையாகுது. மேல இருக்கிற தாள் பல ஆல்பத்துல பிவிசி. ரெக்சின் வாடை அடிச்சா அதுதான், படத்துக்கு விஷம்.

முதல்ல மேல்தாளை மட்டும் தூக்கி, பக்கத்தோடயே ஸ்கேன் எடுத்துக்கோங்க. பிரிக்கும்போது ஏதாவது ஆனாலும் படம் கையில இருக்கும். அப்புறம் மெழுகு தடவாத பல் நூலை (ஃப்ளாஸ்) ஒரு முழம் எடுத்து, ஒரு மூலையில படத்துக்கும் அட்டைக்கும் நடுவுல விட்டு ரம்பம் மாதிரி மெதுவா இழுங்க. படத்தை வளைக்காதீங்க, நூல்தான் வேலை செய்யணும். நடுவுல முரண்டு பிடிச்சா நிறுத்திட்டு எதிர் மூலையிலிருந்து வாங்க. ஹேர் டிரையர் வேண்டாம், பசை இளகி நூலோட ஈஷிக்கும், பிரிண்டும் சுருளும். எதுக்கும் மசியலைன்னா அட்டையைப் படத்தைச் சுத்தி வெட்டி அப்படியே வச்சிருங்க.

பிரிச்ச படத்துக்குப் பின்னாடி பசை இருந்தா ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காதீங்க. நடுவுல கேக் சுடும்போது வைக்கிற, சிலிக்கான் பூசின தாள் வைங்க. பழைய கல்யாண ஆல்பத்துல வர்ற பட்டர் பேப்பர் அமிலம், அது மஞ்சளாகி படத்தையும் மஞ்சளாக்கும்.

#10 மஞ்சக்குப்பம்_வாசி

ரொம்ப நன்றி அக்கா. இன்னும் ரெண்டு. சில கறுப்பு வெள்ளைப் படத்துல கறுப்பான இடமெல்லாம் சாய்ச்சுப் பார்த்தா நீலமா, கண்ணாடி மாதிரி மின்னுது. கலர் படமெல்லாம் ஒரே சிவப்பு.

#11 இருட்டறை

மின்னுறது வெள்ளி. ஈரமும் காத்துல இருக்கிற வேதிப்பொருளும் சேர்ந்து படத்துல இருக்கிற வெள்ளியைக் கரைச்சு மேலே கொண்டு வந்து விடுது. தேய்ச்சு எடுக்கலாம்னு சொல்வாங்க, எடுத்தா அது படத்தோட ஒரு பகுதியையே எடுக்கிறது. ஸ்கேனர்ல நீலத்திட்டா விழும். கேமராவுல, விளக்குக்கு முன்னாடி ஒரு போலரைசிங் தாளும் லென்ஸ்ல ஒரு போலரைசிங் வடிகட்டியும் போட்டு, வடிகட்டியைத் திருப்பிக்கிட்டே பாருங்க. ஒரு கோணத்துல மின்னல் அப்படியே அணைஞ்சிடும். சொரசொரன்னு சில்க் தாள்ல போட்ட 70கள், 80கள் பிரிண்டுக்கும் இதே வைத்தியம்.

பழுப்பு மஞ்சளா ஆனது வேற கதை. ஹைப்போ (படத்தை நிலைக்க வைக்கிற ரசாயனம்) போகச் சரியா கழுவாத பிரிண்ட். அவசரத்துக்கு அஞ்சு நிமிஷம் அலசி உலர்த்தினது அம்பது வருஷம் கழிச்சு மாட்டிக்கும். வீட்டுல திரும்ப ஹைப்போவுல போடாதீங்க, உள்ளதும் போகும்.

சிவப்புக்குக் காரணம், மூணு சாயத்துல நீலப்பச்சைச் சாயம் அந்தக் காலத் தாள்ல இருட்டுல வச்சாலே வெளுக்கும். பெட்டிக்குள்ள பத்திரமா வச்சதுதான் சிவந்திருக்கும், வேடிக்கை. தாள்ல சரி பண்ண வழியில்ல, ஸ்கேன்ல பண்ணலாம். கிம்ப்ங்கிற இலவச மென்பொருள்ல லெவல்ஸ் திறந்து சிவப்பு, பச்சை, நீலம் மூணையும் தனித்தனியா எடுத்து, வரைபடம் எங்க தொடங்கி எங்க முடியுதோ அங்க ரெண்டு முனையையும் கொண்டு வந்து வைங்க. முக்கால்வாசி சரியாயிடும். அசல் டிஃப்பைத் தொடாம நகல்ல பண்ணுங்க.

#12 மஞ்சக்குப்பம்_வாசி

முதல் சுத்து ஆரம்பிச்சாச்சு. ஒரு படம் தேதி தெரியாம நிக்குது. அளவு 6க்கு 9 சென்டிமீட்டர், ஓரம் பல்லு பல்லா வெட்டினது. பாண்டிச்சேரி கடற்கரை. நாலு பேர் மணல்ல உட்கார்ந்திருக்காங்க, பின்னாடி பாலம் கடலுக்குள்ள போகுது. பின்பக்கம் அக்ஃபா-கேவர்ட்னு மங்கலா அச்சு, ஒரு ஸ்டூடியோ ரப்பர் ஸ்டாம்பு, அதுல பாண்டிச்சேரி-1ன்னு மட்டும் இருக்கு. குரூப்ல ஒருத்தர் பிரெஞ்சுக்காரன் காலம்னு சொல்றார்.

#13 துறைமுகப்_பாலம்

பாலத்தின் கால்களைப் பாருங்கள். ஒல்லியான இரும்புக் கால்கள் நெருக்கமாக இருந்தால் அது 1866இல் கட்டிய பழைய பாலம், 1952 புயலில் போய்விட்டது. தடித்த கான்கிரீட் தூண்கள் என்றால் 1962இல் முடிந்த புதிய பாலம். அதிலும் ஒரு பகுதி 2022 மார்ச்சில் இடிந்தது.

இரண்டாவது, மணல். இன்று கற்கள் கொட்டிக் கிடக்கும் கடற்கரைச் சாலையில் உட்காரும் அளவுக்கு மணல் இருந்தது என்றால் 1980களின் கடைசிக்கு முந்தையது. அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத் தடுப்புச்சுவர் வந்த பிறகு வடக்கு நோக்கிப் போகும் மணல் அங்கேயே நின்றது, நகரத்துக் கரை கரைந்தது. தலைமைச் செயலகம் எதிரில் மறுபடி மணல் சேர்ந்தது 2018க்குப் பிறகுதான். பல்லு ஓரத்துப் படம் அதுவாக இருக்க முடியாது.

#14 மஞ்சக்குப்பம்_வாசி

தடிச்ச தூண்தான் சார். மணல் நல்லா அகலமா இருக்கு.

#15 முத்தியால்பேட்டை_ஸ்கேன்

அப்ப 1962க்குப் பின்னாடி. பிரெஞ்சு நிர்வாகம் 1954 நவம்பர் 1லயே கை மாறிடுச்சு, சட்டப்படி 1962 ஆகஸ்ட் 16. குரூப்ல சொன்னவர் கணக்கு தப்பு. பின்னாடி பிரெஞ்சுல தெருப் பேர் இருந்தாலே பிரெஞ்சு காலம்னு முடிவு கட்டறது இங்க வழக்கமான தப்பு. ரூ அது இதுன்னு தெருப் பலகை இன்னைக்கும் இருக்கு.

அக்ஃபாவும் கேவர்ட்டும் 1964ல ஒண்ணா சேர்ந்த போட்டோத்தாள் கம்பெனிங்க. ரெண்டு பேரும் சேர்ந்த அச்சு இருந்தா 1964க்கு முன்னாடி போக முடியாது. ஸ்டாம்புல 605001 இல்லாம வெறும் 1 மட்டும் இருக்கிறது 1972க்கு முன்னாடின்னு காட்டுது, பின்கோடு வந்தது அந்த வருஷம் ஆகஸ்ட் 15. ஆனா இது கொஞ்சம் வழுக்கல். ரப்பர் ஸ்டாம்பு தேயற வரைக்கும் பழசையே குத்துவாங்க. 1964ல இருந்து 1975க்குள்ளன்னு எழுதுங்க. "சுமார்" போடாம ரெண்டு எல்லையையும் போடறதுதான் நல்ல பழக்கம், அடுத்து பார்க்கிறவங்க சுருக்கிக்குவாங்க.

6க்கு 9 ஆ இருக்கிறதால 120 ரோல்ல எட்டே படம் விழுற கேமரா. பெட்டியில அதே அளவுல, அதே பல்லு ஓரத்தோட இன்னும் ஏழு இருக்கான்னு தேடுங்க.

#16 கெடிலம்_கரை

கடலூர்ப் பக்கத்துப் படங்களுக்கும் இதே மாதிரி பிடி இருக்கு. கடைப் பலகையில தென்னாற்காடு மாவட்டம்னு இருந்தா 1993 செப்டம்பருக்கு முன்னாடி எழுதினது. தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம்னு இருந்தா 1993க்கும் 1997க்கும் நடுவுல, இது ரொம்பக் குறுகின காலம், கிடைச்சா அதிர்ஷ்டம். சென்னை ராஜ்ஜியம் தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரி. யானைத் துதிக்கை மாதிரி வளைவு போட்ட பழைய லை, னை இருந்தா பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னாடி, ஆனா பலகை எழுதற பெயிண்டருங்க அதுக்கப்புறமும் பல வருஷம் விடலை. வண்டி நம்பர் டிஎன் 31, பிஒய் 01ன்னு இருந்தா 1989க்குப் பின்னாடி.

இன்னொண்ணு, படம் திரும்பியிருக்கான்னு பாருங்க. புடவை முந்தானை பெரும்பாலும் இடது தோள்லதான் விழும். எல்லார் முந்தானையும் வலது தோள்ல இருந்தா நெகட்டிவைப் பின்பக்கமா புரட்டி வச்சு பிரிண்ட் போட்டிருக்காங்க. சட்டைப் பாக்கெட்டும் காட்டிக் கொடுக்கும். இதைக் கவனிக்காம இடமிருந்து வலம்னு பேர் எழுதினா அத்தனையும் மாறிப்போகும்.

#17 சவுக்குத்தோப்பு

சரி, இப்ப ஏஐ செயலி இருக்கே, ஒரே தட்டுல கலராக்கி முகத்தைத் தெளிவாக்குது. அதைப் போட்டு அனுப்பினா பெரியவங்க டக்குன்னு கண்டுபிடிப்பாங்கல்ல?

#18 தாள்_காப்பாளர்

நேர்மாறு. மங்கிய முகத்தில் அந்தச் செயலி தெளிவாக்குவதில்லை, வேறொரு முகத்தை வரைகிறது. கண் இமை, பல்வரிசை எல்லாம் அது தானாகச் சேர்ப்பது. இரட்டை மூக்குத்தி ஒற்றையாகும், நெற்றிநாமம் நிழல் என்று நீங்கும், அம்மைத் தழும்பு மறையும். பெரியவர்கள் ஆளை அடையாளம் காண்பதே இவற்றை வைத்துத்தான். அது பூசும் புடவை நிறமும் ஊகம்தான். விளையாட்டுக்குச் செய்துகொள்ளலாம், ஆனால் கோப்பின் பெயரிலேயே "ஏஐ மாற்றியது" என்று போட்டு, அசல் அனுப்பிய பிறகு அனுப்புங்கள். முதலில் இது போய்விட்டால் பத்து வருடத்தில் குடும்பத்தில் உலவுவது இது மட்டுமாகத்தான் இருக்கும்.

#19 சவுக்குத்தோப்பு

மூக்குத்தி விஷயம் சரிதான். ஒத்துக்கிறேன்.

#20 திருப்பாப்புலியூர்_அக்கா

பேர் கேட்கிற முறைக்கு வருவோம். குரூப்ல நாற்பது படத்தை ஒரே நாள்ல கொட்டினா "அருமை", கும்பிடு, இதயம்தான் வரும். ஒரு நாளைக்கு ஒண்ணு, அதிகம்னா ரெண்டு. நகல்ல ஒவ்வொரு தலைக்கு மேலயும் நம்பர் போட்டு, "3ம் 7ம் யாரு?"ன்னு குறிப்பா கேளுங்க. கேள்வி குறுகினா பதில் வரும். வந்த பதிலை அன்னைக்கே ஒரு விரிதாள்ல ஏத்துங்க: படநம்பர், தலைநம்பர், பேர், சொன்னவர், தேதி. "பெரியப்பா"ன்னு எழுதாதீங்க, யாருக்குப் பெரியப்பா? முழுப்பேரும், யாரோட மகன், மகள்னும் எழுதுங்க. ரெண்டு பேர் ரெண்டு விதமா சொன்னா ரெண்டையும் எழுதி வைங்க, நீங்க நாட்டாமை பண்ண வேண்டாம்.

போன் பார்க்க முடியாதவங்களுக்கு ஏ4ல பெரிசா பிரிண்ட் எடுத்துட்டு நேர்ல போங்க. போன்ல ஒலிப்பதிவை ஓட விட்டு, அவங்க சம்மதம் கேட்டுட்டு, பேச விடுங்க. முதல் கேள்வி "இது எங்க எடுத்தது?"ன்னு இருக்கட்டும். இடத்தைப் பிடிச்சிட்டா ஆளுங்க தன்னால வருவாங்க.

சாவு வீட்டுப் படம், பிரிஞ்சு போன கல்யாணம், இதெல்லாம் பொதுவுல போடறதுக்கு முன்னாடி அந்த வீட்டுக்காரங்களைத் தனியா கேட்டுக்கோங்க.

#21 முத்தியால்பேட்டை_ஸ்கேன்

அசல் கோப்பை அனுப்பும்போது போட்டோவா அனுப்பாதீங்க, டாகுமெண்டா அனுப்புங்க. போட்டோவா போனா வாட்ஸ்அப் நசுக்கிடும், கோப்புக்குள்ள எழுதின குறிப்பும் போயிடும். பேர், இடம், வருஷம் எல்லாத்தையும் டிஜிகாம் மாதிரி இலவச மென்பொருள்ல படக்குறிப்புக்குள்ளயே எழுதலாம். கோப்புப் பேர் 1964-1975_பாண்டி_கடற்கரை_0112 மாதிரி. எண்ணு நாலு இலக்கமா இருந்தா வரிசை குழம்பாது. பின்பக்க ஸ்கேனுக்கு அதே எண்ணோட "பின்" சேருங்க.

அசல் படத்துல எண் எழுதணும்னா பழைய தாள் பிரிண்டுக்கு 2பி பென்சில், பின்பக்க ஓரத்துல, கண்ணாடி மேசை மேல வச்சு, அழுத்தாம. பால்பாயிண்ட் முன்பக்கம் புடைக்கும். பிளாஸ்டிக் பூச்சு உள்ள 80கள் தாள்ல பென்சில் நிக்காது, உறையில எழுதுங்க.

#22 கெடிலம்_கரை

யாரும் வெள்ளத்தைப் பத்திப் பேசல. 2011 தானே புயல், 2015 மழை, 2024 ஃபெஞ்சல் புயல்னு பார்த்த ஊர்ல இது இல்லாம எப்படி?

நனைஞ்ச கட்டு கிடைச்சா காய விடாதீங்க, அதுதான் பெரிய தப்பு. காஞ்சா ஒண்ணோட ஒண்ணு கல்லா ஒட்டும். சுத்தமான தண்ணி நிறைஞ்ச தட்டுல மூழ்க வச்சு, தானா விலகுறதை ஒவ்வொண்ணா எடுங்க. ரெண்டு நாளைக்குள்ள முடியணும். படத்தோட மேல்பக்கத்தை விரலால தொடாதீங்க. மாடித் தொட்டித் தண்ணி மத்தியானம் வெந்நீர் மாதிரி வரும், ஜெலட்டின் இளகி வழியும். மண்பானைத் தண்ணியோ கேன் தண்ணியோ நல்லது. போர் தண்ணியில உப்புத் தடம் விழும், அதனால கடைசி அலசல் கண்டிப்பா கேன் தண்ணி. அப்புறம் படம் மேல பார்க்க, பருத்தித் துணியில, விசிறிக் காத்து நேரா படாம. எல்லாத்தையும் முடிக்க நேரம் இல்லன்னா நடுவுல சிலிக்கான் பூசின தாள் வச்சு பிளாஸ்டிக் பையில போட்டு ஃப்ரீசர்ல வச்சிடுங்க, பிறகு எடுத்துக்கலாம். ஏற்கனவே பூஞ்சை தின்ன படத்துக்கும் இங்க்ஜெட் பிரிண்டுக்கும் இந்தக் குளியல் ஆகாது.

#23 தாள்_காப்பாளர்

சேமிப்பு பற்றி மட்டும் சேர்க்கிறேன். கரையோர வீட்டில் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குத் தாள் உறையே மேல். பிளாஸ்டிக் உறைக்குள் வியர்த்தால் படம் அதிலேயே ஒட்டும். கலர் பிரிண்டுக்குப் பிளாஸ்டிக் வேண்டும் என்றால் முக்கோணத்துக்குள் 5 போட்ட பாலிப்ரொப்பிலீன், 3 போட்டது பிவிசி, வேண்டாம். பாண்டியில் கையால் செய்யும் பருத்திக்கூழ் காகிதம் கிடைக்கும். சாயம் போடாத வெள்ளைத் தாளை வாங்கி, அமிலச் சோதனைப் பேனாவால் ஒரு கோடு போட்டுப் பார்த்து, உறை மடித்துக்கொள்ளலாம். அந்துருண்டையும் வேப்பிலையும் பெட்டிக்குள் வேண்டாம். முன்னது ஆவியாகிப் படத்தின் மேல் படியும், பின்னது கறை விடும். இராமபாணப் பூச்சிக்குச் சிறந்த மருந்து உலர்ந்த அறைதான்.

பெட்டியை வெளிச்சுவரை ஒட்டியோ தரையிலோ வைக்காமல் உள் அறையில் முழங்கால் உயரத்துக்கு மேல். பரணும் கூடாது, ஓட்டுச் சூடு. கோப்புகள் மூன்று பிரதி: வீட்டில் ஒரு வன்வட்டு (ஹார்டு டிஸ்க்), இணையச் சேமிப்பில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் ஒரு வட்டு. அந்த ஊர் கெடிலம் கரையிலேயே இருக்க வேண்டாம். வருடத்துக்கு ஒரு முறை வட்டைப் போட்டுத் திறந்து பாருங்கள், போகிக்கு முந்தின வாரம் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. வீட்டுப் பழைய ஆல்பம் நெருப்புக்குப் போகும் வாரமும் அதுதான்.

பெட்டியில் 1980க்கு முந்தைய ஸ்டூடியோ படங்கள் நிறைய இருந்தால் இன்னொன்று. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு பழைய தமிழ் ஸ்டூடியோப் படங்களை எண்ணிமமாக்கியது, இ.ஏ.பி. 737 என்பது திட்ட எண். நூலகத்தின் தளத்தில் பார்க்கலாம். பின்திரை ஓவியம், நாற்காலி, பூந்தொட்டி மேசை ஆகியவற்றை ஒப்பிட்டால் உங்கள் படம் எந்தக் காலத்துப் பாணி என்று ஒரு பிடி கிடைக்கும்.

#24 மஞ்சக்குப்பம்_வாசி

அதே பல்லு ஓரத்தோட அஞ்சு படம் கிடைச்சிருக்கு, வேற கட்டுல. ஒண்ணுல பின்னாடி பென்சில்ல "தை, காணும் பொங்கல்"னு இருக்கு, வருஷம் இல்ல. இதை எப்படி எழுதறது?

#25 முத்தியால்பேட்டை_ஸ்கேன்

1964-1975, காணும் பொங்கல், பென்சில் குறிப்பு 0117 பின்பக்கம்னு எழுதுங்க. ஆறும் ஒரே ரோலான்னு தெரிய நெகட்டிவ் இருந்தா ஓரத்து எண்ணைப் பாருங்க. இல்லன்னா உடுப்பு ஒத்துப்போகுதான்னு பாருங்க. பென்சில் எழுத்தை ஸ்கேன் பண்ணும்போது பக்கவாட்டுல டார்ச் அடிச்சு போன்லயும் ஒண்ணு எடுத்து வைங்க. அழிஞ்சு போன வருஷம் தடமா இருந்தா சாய்ஞ்ச வெளிச்சத்துலதான் தெரியும்.